கேஸ் எங்கே போனது?

கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் கும்மிடிப்பூண்டி, கவரைப்பேட்டை, திருவள்ளூர் என்று எங்கே பார்த்தாலும் கார் ஏ.சி. பழுதுபார்க்கும் கடைகளில் வேலை கூடிவிடும். வண்டியைக் கொண்டுவருபவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஏ.சி. ஓடுது, ஆனா கூலிங் இல்ல. கேஸ் தீர்ந்துபோச்சு போல." சில கடைகளில் அதையே நோய் என்று எடுத்துக்கொண்டு, கேஸ் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். கொஞ்ச நாள் நன்றாகக் குளிரும். அப்புறம் பழையபடி வெப்பக் காற்று.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெட்ரோல் எரிகிறது, அதனால் தீர்கிறது. சமையல் கேஸும் அப்படித்தான். கார் ஏ.சி.யில் இருக்கும் கேஸ் எரிவதில்லை. மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரு சுற்று முடிந்ததும் அதே கேஸ் அடுத்த சுற்றுக்குக் கிளம்புகிறது. அப்படிப்பட்ட கேஸ் எப்படித் தீரும்? குறைந்திருந்தால் எங்கோ ஒரு வழியாக வெளியே போயிருக்கிறது என்றுதான் பொருள். கேஸ் குறையாமலேயே குளிர் குறைவதற்கும் ஐந்தாறு காரணங்கள் உண்டு. எந்தக் காரணம் என்று கண்டுபிடிக்கும் வேலைதான் இந்த இதழில் நமக்கு. அதற்கு முதலில் ஏ.சி. என்ன செய்கிறது என்று தெரிய வேண்டும்.

குளிர் எப்படி வருகிறது?

புறங்கையில் ஒரு சொட்டு சானிடைசர் தடவி ஊதிப் பாருங்கள். சில்லென்று இருக்கும். அதிலுள்ள ஆல்கஹால் ஆவியாகிறது. ஆவியாவதற்குத் தேவையான வெப்பத்தை உங்கள் தோலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. அந்த ஆவி மறுபடி திரவமானால், எடுத்த வெப்பத்தை வெளியே விட்டுவிடும். கார் ஏ.சி. செய்வது இந்த இரண்டு வேலைகளைத்தான்: காருக்குள் ஒரு திரவத்தை ஆவியாக்குகிறது, காருக்கு வெளியே அந்த ஆவியைத் திரவமாக்குகிறது. உள்ளே இருந்த வெப்பம் இப்படி வெளியே போய்விடுகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வெப்பம் தானாகப் போவது சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்குத்தான். மே மாதத்தில் வெளியே 40 டிகிரி கொதிக்கும்போது, உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியே எப்படித் தள்ளுவது? இங்கேதான் அழுத்தம் கைகொடுக்கிறது. அம்மா வைக்கும் பிரஷர் குக்கரில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காமல் சுமார் 120 டிகிரியில் கொதிக்கிறது அல்லவா? அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும்; குறைந்தால் குறையும். ஏ.சி. கேஸும் இதே விதிக்குக் கட்டுப்பட்டதுதான்.

இன்று நம் ஊர் கார்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது ஆர்-134ஏ என்ற கேஸ். சாதாரணக் காற்றழுத்தத்தில் அது மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும். காற்றழுத்தத்தைப் போல மூன்று மடங்கு அழுத்தத்தில் வைத்தால் ஏறக்குறைய 1 டிகிரியில் கொதிக்கும். பதினைந்து மடங்கு அழுத்தத்தில் அதன் கொதிநிலை சுமார் 55 டிகிரி ஆகிவிடும். இந்த இரண்டு எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: 1 டிகிரி, 55 டிகிரி.

டாஷ்போர்டுக்குப் பின்னால் 'கூலிங் காயில்' இருக்கிறது. அங்கே அழுத்தம் குறைவு. கேஸ் 1 டிகிரியில் கொதித்து, காருக்குள் இருக்கும் காற்றின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. அந்த ஆவியை என்ஜின் பக்கத்தில் இருக்கும் கம்ப்ரசர் இழுத்து அழுத்துகிறது. அழுத்தப்பட்ட ஆவி, காரின் முகப்பில் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சருக்குப் போகிறது. அங்கே கேஸ் 55 டிகிரி, வெளிக்காற்று 40 டிகிரி. இப்போது வெப்பம் தாராளமாக வெளியே பாயும்! ஆவி திரவமாகிறது. டிரையர் என்ற குப்பி அதிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு எக்ஸ்பான்ஷன் வால்வின் ஊசித்துளை வழியாகத் திரவம் பீறிடும்போது அழுத்தம் சட்டென்று விழுகிறது, மறுபடி கூலிங் காயில், மறுபடி கொதிப்பு.

அமெரிக்காவின் பேக்கார்டு நிறுவனம் 1940ஆம் ஆண்டு மாடல் கார்களில் தொழிற்சாலையிலேயே ஏ.சி. பொருத்தி விற்றது. அதில் கம்ப்ரசரை நிறுத்த ஒரு பொத்தான்கூடக் கிடையாது. ஏ.சி. வேண்டாமென்றால் என்ஜினை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, பெல்ட்டைக் கழற்ற வேண்டும். இன்று பல கார்களில் 'மேக்னட் கிளட்ச்' என்ற காந்தப் பிடி அந்த வேலையைச் செய்கிறது. ஏ.சி. பொத்தானை அழுத்தியதும் முன்பக்கம் 'டக்' என்று கேட்குமே, அதுதான் அது.

திருவள்ளூர் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கார் செய்யும் தொழில் பக்கத்து வீட்டுச் சங்கதி. திருவள்ளூர் அருகே இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் கார்கள் தயாராயின என்று உங்கள் தாத்தாக்கள் சொல்லக்கூடும். இப்போது அதே திருவள்ளூரிலிருந்து சிட்ரோயன் கார்கள் வருகின்றன. இப்படிப்பட்ட ஆலைகளில் ஏ.சி. கேஸை அழுத்தத்தைப் பார்த்து ஏற்றுவதில்லை. எடை போட்டு ஏற்றுவார்கள். ஒரு சிறிய காருக்கு ஏறக்குறைய அரை கிலோ. சரியான அளவை கிராம் கணக்கில் எழுதி, பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள். அடுத்த முறை பெரியவர்கள் பானெட்டைத் திறக்கும்போது அதைத் தேடிப் படியுங்கள்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே நான்கு சோதனைகள்

இந்தச் சோதனைகளைப் பெரியவர் ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இருக்கும்போது நீங்களே செய்யலாம். ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். காய்ச்சல் பார்ப்பது உதவாது. அது 35 டிகிரிக்குக் கீழே காட்டாது. பள்ளி ஆய்வகத்தில் இருப்பதைப் போன்ற, பூஜ்யத்திலிருந்து காட்டும் தெர்மாமீட்டர் வேண்டும்.

முதல் சோதனை: காற்றின் வேகம். புளோயரை முழு வேகத்தில் வைத்து, ஏ.சி. வென்ட் முன்னால் ஒரு காகிதத் துண்டைப் பிடியுங்கள். அது சோம்பலாக ஆடினால் பிரச்சினை குளிரில் இல்லை, காற்றில். பெரும்பாலும் குற்றவாளி கேபின் ஃபில்டர். பல கார்களில் அது கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி இரும்பு உருக்கு ஆலைகளும் வார்ப்படப் பட்டறைகளும் அதிகம். போதாததற்குக் கொல்கத்தா நெடுஞ்சாலையில் இரவு பகலாக லாரிகள். இந்தப் புழுதியை வடிகட்டும் ஃபில்டர், மற்ற ஊர்களைவிடச் சீக்கிரம் அடைபட்டுப் போவதில் வியப்பில்லை. வெள்ளையாக வந்த ஃபில்டர் கறுத்துப்போயிருந்தால் மாற்றிவிட வேண்டியதுதான். கேஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் காற்று நன்றாக வந்து, அரை மணி நேரத்தில் மெல்ல மெல்லக் குறைகிறதா? ஏ.சி.யைப் பத்து நிமிடம் நிறுத்திவைத்தால் மறுபடி நன்றாக வருகிறதா? அப்படியானால் கூலிங் காயிலில் பனி உறைந்து காற்றை மறிக்கிறது. கேஸ் குறைந்தால் காயிலுக்குள் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் கொதிநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். காற்றின் ஈரம் அதன்மேல் பனிக்கட்டியாகும். காயிலின் வெப்பநிலையைப் பார்க்கும் சென்சார் கெட்டுப்போனாலும் இதே கதைதான்.

இரண்டாவது சோதனை: வெப்பநிலை. கண்ணாடிகளை ஏற்றி, உள்காற்றையே சுற்றவிடும் பொத்தானை அழுத்தி, பத்து நிமிடம் கழித்து நடு வென்ட்டில் தெர்மாமீட்டரை வையுங்கள். 5 முதல் 10 டிகிரி வரை காட்டினால் ஏ.சி. ஆரோக்கியமாக இருக்கிறது. நல்ல வெயிலில் ஓரிரு டிகிரி கூடினாலும் பரவாயில்லை. 18, 20 என்று நின்றால் கோளாறு உண்டு.

மூன்றாவது சோதனை: நின்றால் என்ன, ஓடினால் என்ன? தச்சூர் தாண்டி நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது நன்றாகக் குளிர்ந்து, சுங்கச்சாவடி வரிசையிலோ ரயில்வே கேட்டிலோ நின்றதும் சூடாகிறதா? இது மிக நல்ல துப்பு. ஓடும்போது எதிர்க்காற்று கண்டென்சரின் வெப்பத்தை அள்ளிக்கொண்டு போகிறது. நிற்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். ஆக, ஃபேன் சுற்றவில்லை அல்லது கண்டென்சர் அடைபட்டிருக்கிறது.

நான்காவது சோதனை: தண்ணீர். ஏ.சி. ஓடும் காரின் அடியில் தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றிலிருந்த நீராவிதான் குளிர்ந்த காயிலில் பட்டுத் தண்ணீராகிச் சொட்டுகிறது. 35 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் சுமார் 40 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் சுமார் 9 கிராம்தான். மீதி சொட்டித்தான் ஆக வேண்டும். பழவேற்காடு ஏரியும் கடலும் பக்கத்தில் இருப்பதால் நம் பகுதியின் காற்றில் ஈரம் அதிகம். ஒரு கிராம் நீராவியைத் தண்ணீராக்குவதற்கு ஆகும் வேலையில், ஒரு கிலோ காற்றின் வெப்பநிலையை இரண்டு டிகிரிக்கு மேல் குறைத்துவிடலாம். புழுக்கமான நாளில் ஏ.சி. திணறுவது போலத் தோன்ற இதுதான் காரணம். புழுக்கமான நாளில் சொட்டே விழவில்லை என்றால் காயில் குளிரவில்லை. சொட்டு வெளியே விழாமல் காலடி மேட் நனைந்தால் வடிகுழாய் அடைத்திருக்கிறது.

பானெட்டுக்கு அடியில்

இனி மெக்கானிக்கின் முறை. என்ஜின் ஓடும்போது நீங்கள் இரண்டடி தள்ளியே நில்லுங்கள். ஃபேன் திடீரென்று தானாகச் சுற்றும்.

கண்டென்சரை அருகில் போய்ப் பார்த்தால், தட்டையான குழாய்களுக்கு நடுவே மெல்லிய அலுமினியத் தகடுகள் வளைந்து வளைந்து வரிசையாக நிற்பது தெரியும். தகடுகளுக்கு இடையே ஓரிரு மில்லிமீட்டர்தான் இடைவெளி. காற்று அதன் வழியாகத்தான் போக வேண்டும். நெடுஞ்சாலைப் புழுதி, செத்த பூச்சிகள், காய்ந்த சேறு எல்லாம் அந்த இடைவெளியை அடைத்துவிட்டால் 55 டிகிரி கேஸின் வெப்பம் வெளியேற முடியாது. மெதுவான தண்ணீரில் கழுவினாலே பல வண்டிகளுக்குப் பாதிக் குளிர் திரும்பிவிடும். அதிவேகத் தண்ணீர் பீய்ச்சினால் தகடுகள் மடங்கி, இருந்த வழியும் போய்விடும்.

அடுத்தது கேஜ். நீலக் கேஜ் தாழ்ந்த அழுத்தத்தைக் காட்டும். சிவப்பு உயர்ந்த அழுத்தத்தை. மெக்கானிக்குகள் பி.எஸ்.ஐ. என்ற அலகில் சொல்வார்கள், காற்றழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. வெகுநேரம் நிறுத்தியிருந்த வண்டியில் மாட்டினால் இரண்டு முள்ளும் ஒரே எண்ணில் நிற்கும். 30 டிகிரி வெயிலில் ஏறக்குறைய 95. இங்கே ஓர் ஆச்சரியம் இருக்கிறது. உள்ளே அரை கிலோ இருந்தாலும் சரி, கால் கிலோ இருந்தாலும் சரி, முள் அதே 95தான் காட்டும்! கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான், அளவு அல்ல. அதனால் நின்ற வண்டியில் கேஜை மட்டும் பார்த்து "கேஸ் ஃபுல்லா இருக்கு" என்று யாராலும் சொல்ல முடியாது.

என்ஜினை ஓட்டி ஏ.சி.யைப் போட்டதும் முட்கள் பிரியும். நீலம் இறங்கி 30 முதல் 45க்குள் நிற்கும். சிவப்பு ஏறி 200 முதல் 250க்குள் நிற்கும். வண்டிக்கு வண்டி, வெயிலுக்கு வெயில் இது கொஞ்சம் மாறும். முட்கள் சொல்லும் செய்தியைப் படிப்போம்:

இரண்டும் தாழ்ந்திருந்தால், கேஸ் குறைவு. லீக்கைத் தேட வேண்டும்.

இரண்டும் உயர்ந்திருந்தால், வெப்பம் வெளியேறவில்லை. ஃபேனையும் கண்டென்சரையும் பார்க்க வேண்டும். யாரோ கேஸை அளவுக்கு மேல் ஏற்றியிருந்தாலும் இப்படித்தான் காட்டும்.

நீலம் உயர்ந்து சிவப்பு தாழ்ந்திருந்தால், கம்ப்ரசர் தேய்ந்திருக்கலாம். அதனால் அழுத்த முடியவில்லை.

நீலம் பூஜ்யத்துக்கும் கீழே போனால், எக்ஸ்பான்ஷன் வால்வு போன்ற ஓரிடத்தில் அடைப்பு.

இரண்டாவது நோய்க்கும் மூன்றாவது நோய்க்கும் மேலும் கேஸ் ஏற்றினால் என்ன ஆகும்? நோய் முற்றும். காசும் போகும்.

ஓட்டையைத் தேடுவது

வீட்டு ஃப்ரிட்ஜ் பதினைந்து ஆண்டுகள்கூட கேஸ் ஏற்றாமல் ஓடுகிறதே, காரில் மட்டும் ஏன் கசிகிறது? ஃப்ரிட்ஜில் மோட்டாரும் கம்ப்ரசரும் ஒரே இரும்புக் கூட்டுக்குள் அடைக்கப்பட்டவை. காரில் கம்ப்ரசரை என்ஜின் பெல்ட் சுற்றுகிறது. அதனால் அதன் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தண்டைச் சுற்றி ஒரு சீல் வேண்டும். என்ஜின் அதிர்வதால் உலோகக் குழாய் மட்டும் போட்டால் உடைந்துவிடும். ரப்பர் குழாய்கள் வேண்டும். இணைப்புக்கு இணைப்பு ரப்பர் வளையம் வேண்டும். லாரிச் சக்கரத்திலிருந்து தெறிக்கும் கல்லை முதலில் வாங்குவதும் முகப்பில் இருக்கும் கண்டென்சர்தான். நல்ல நிலையில் உள்ள வண்டியிலும் ஆண்டுக்குச் சில கிராம் கசியவே செய்யும். ஆனால் ஒரே கோடையில் குளிர் போய்விடுகிறது என்றால் அது ஓட்டை.

கேஸ் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது ஒரு தடயம் விட்டுப் போகும். கம்ப்ரசருக்கான எண்ணெய் கேஸோடு சேர்ந்தே சுற்றுகிறது. கேஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும். எண்ணெயில் புழுதி ஒட்டும். சுத்தமான குழாயில் ஓர் இணைப்பு மட்டும் பிசுபிசுவென்று கறுத்திருந்தால் சந்தேகம் அங்கேதான். அந்த இடத்தில் சோப்புத் தண்ணீரைத் தடவினால் நுரைக் குமிழ்கள் ஒவ்வொன்றாக ஊதிக்கொண்டு கிளம்பும். மறைவான இடமென்றால், ஒளிரும் சாயத்தைக் கேஸோடு கலந்து ஓடவிட்டு, புற ஊதா விளக்கில் தேடுவார்கள். கசிந்த இடம் பச்சையாக மின்னும்.

ஓட்டையை அடைத்த பிறகு நேராகக் கேஸ் ஏற்றக் கூடாது. 'வேக்கம்' போட வேண்டும். பம்ப் வைத்துக் குழாய்களுக்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பதுதான் அது. காற்றழுத்தத்தில் இருபத்து நான்கில் ஒரு பங்காகக் குறைத்தால், 30 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்து ஆவியாகிவிடும். உள்ளே ஒட்டியிருக்கும் ஈரமும் இப்படி ஆவியாகிப் பம்ப் வழியே வெளியேறும். ஈரம் தங்கினால் வால்வின் ஊசித்துளையில் பனியாக உறையும். நாளடைவில் உலோகத்தையும் அரிக்கும். பம்ப்பை நிறுத்திச் சிறிது நேரம் காத்திருக்கையில் முள் அசையாமல் நின்றால் ஓட்டை அடைபட்டது என்று தெரிந்துகொள்ளலாம். அதற்குப் பிறகு தராசில் சிலிண்டரை வைத்து, ஸ்டிக்கரில் எழுதிய கிராம் அளவுக்குக் கேஸ் ஏற்றினால் வேலை முடிந்தது.

கசிந்த கேஸ் போகும் இடம்

முன்பெல்லாம் கார் ஏ.சி.களில் ஆர்-12 என்ற கேஸ் இருந்தது. அதுபோன்ற கேஸ்கள் வான்வெளியில் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று மரியோ மொலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974இல் எச்சரித்தார்கள். 1985இல் அண்டார்டிகாவின் மேலே ஓசோன் ஓட்டை இருப்பது உலகுக்குத் தெரியவந்தது. 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் உருவானது. மொலினா, ரோலண்ட், பால் குருட்சன் மூவருக்கும் 1995இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆர்-12க்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்கும். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ ஆர்-134ஏ சுமார் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஒரு காரின் அரை கிலோ கேஸ் கசிந்தால், அது சுமார் 300 லிட்டர் பெட்ரோலை எரித்ததற்குச் சமமான கெடுதல். இத்தகைய கேஸ்களைக் குறைக்க 2016இல் கிகாலி திருத்தம் வந்தது. இந்தியா 2021இல் அதை ஏற்றது. 2032 முதல் படிப்படியாகக் குறைக்கப்போகிறது. லீக்கை அடைக்காமல் ஆண்டுதோறும் கேஸ் ஏற்றுவது காசைக் கரைப்பதோடு, நாளைய கோடையையும் கடுமையாக்குகிறது.

இனி ஏ.சி. வண்டிகள் கூடத்தான் போகின்றன. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் ஓட்டுநர் அறையில் ஏ.சி. கட்டாயம். தகிக்கும் என்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுவதும் ஓட்டும் அண்ணன்களுக்கு இது நியாயமாகக் கிடைக்க வேண்டிய வசதி. அந்தக் குளிர் நிலைக்க, நோயறிந்து மருந்து தரும் மெக்கானிக்குகள் நமக்கு இன்னும் நிறையத் தேவை. உங்களில் சிலர் ஐ.டி.ஐ.யில் படித்து அந்த வேலைக்கு வந்தால் நல்லது.

சில எச்சரிக்கைகள். கேஸ் குழாயை நீங்கள் ஒருபோதும் கழற்றாதீர்கள். பீறிடும் கேஸ் பட்ட இடத்தில் தோல் உறைந்து புண்ணாகும். பூட்டிய காருக்குள் தனியாக உட்காராதீர்கள். தம்பி தங்கைகளையும் உட்காரவிடாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் அரை மணி நேரத்தில் 15 டிகிரிக்கு மேலும் வெப்பம் ஏறக்கூடும். அது உயிருக்கே ஆபத்து. வெயிலில் நின்ற காரில் ஏறினால் முதலில் கண்ணாடிகளை இறக்கிச் சூடான காற்றை வெளியேற்றுங்கள், பிறகு ஏ.சி.யைப் போடச் சொல்லுங்கள்.

வீட்டில் கார் இருந்தால் இந்த நான்கு சோதனைகளையும் செய்து, கிடைத்த எண்களை நோட்டில் எழுதி, மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அவர் கேஸ் ஏற்றலாம் என்று சொன்னால், "லீக் எங்கேன்னு பாத்தீங்களா அண்ணா? எத்தனை கிராம் ஏத்தப்போறீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். இரண்டுக்கும் பதில் கிடைத்த பிறகு கேஸ் ஏற்றினால் போதும்.